சைரன் ஊதாத மத்தியானம்

போன கரண்டு திரும்பி வந்தால் எந்த வீட்டிலும் ஒரு கலகலப்பு வரத்தான் செய்யும். பிள்ளைகள் கத்தும், ரேடியோ பாடத் தொடங்கும். சிவனணைந்தபெருமாள் வீட்டில் மட்டும் அந்த நேரத்தில் ஓர் ஆள் வாயடைத்துப் போவார். சோற்றில் கை வைத்திருந்தால் கை அப்படியே நிற்கும். காதைத் தீட்டிக்கொண்டு எதையோ கேட்பார். பிறகு ஒன்றும் நடக்காதது போல ரசத்தை ஊற்றச் சொல்வார். "எங்க வீட்டுல கரண்டு போனா பயமில்ல, வந்தாத்தான் பயம்" என்று அவர் மனைவி வடிவம்மாள் அடுத்த வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் சிரிக்காமலும் இருந்தால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது.

பெருமாள் பிறந்தது ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளையும் ஊரில். அண்ணன்மார் வயலுக்குப் போனார்கள், கடைக்குட்டி கணக்குப் படித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்தபோது, உப்பளங்களை ஒட்டி ஒரு ரசாயன ஆலையும் வந்தது. அதில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆலைக்காரர்கள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதைக் கட்டி மேய்க்கப் பெருமாளை வடக்கே அனுப்பிப் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்தபோது அவர் இரண்டு விஷயம் கற்றிருந்தார். ஒன்று கம்ப்யூட்டர், இன்னொன்று மற்றவர்களின் சாஸ்திர சம்பிரதாயங்களைக் கேலி செய்வது.

ஆலையின் மேனேஜர் மந்திரமூர்த்தி திருச்செந்தூர் முருகனுக்கு மாதம் தவறாமல் போகிறவர். பம்பு அறை வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவார். "எலுமிச்சம்பழத்துல பம்பு ஓடும்னா, எண்ணெய்க்கு எதுக்கு சார் செலவழிக்கோம்?" என்று பெருமாள் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மந்திரமூர்த்தியும் சிரித்தார், ஆனால் பழத்தை அவிழ்க்கவில்லை.

கம்ப்யூட்டர் என்றால் இன்றைக்கு மடியில் வைத்துக்கொள்வது அல்ல. நாலு பீரோவை வரிசையாக நிறுத்திய மாதிரி இருக்கும். முன்பக்கம் சின்னச் சின்ன விளக்குகள், தட்டித் தட்டி நிமிர்த்துகிற சுவிட்சுகள். ஆலையிலேயே குளிரூட்டிய அறை அது ஒன்றுதான். அந்தக் கம்ப்யூட்டர் எதையும் ஓட்டாது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். தொட்டிகளில் தோலைப் பொசுக்கும் காஸ்டிக் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஓயாமல் அளவெடுக்கும். மிதவை மேல்கோட்டைத் தொட்டால் தொட்டி வளாகத்தில் சைரனை ஊத வைக்கும். சைரன் கேட்டதும் ஓடிப்போய் வால்வை மூடுவது வளனின் வேலை.

வளன் கடற்கரைத் தெருவைச் சேர்ந்தவன். அப்பா தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர், தாத்தா சங்கும் முத்தும் குளித்தவர். அந்தக் குடும்பத்தில் நிலத்தில் நின்று சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவன்தான். தொட்டியின் உச்சி கீழே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது. சைரனை நம்பித்தான் அவன் பிழைப்பு, அதாவது பெருமாளை நம்பி. அவரை "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று சுற்றி வருவான். கிறிஸ்துமஸ் வந்தால் கழித்துப்போட்ட காகித நாடாக்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வீட்டில் தோரணம் கட்டுவான்.

அந்த நாடாக்களில்தான் இந்தக் கதையே இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற வேலை ஒரே வேலை அல்ல, பல துண்டுகள். எல்லாத் துண்டுக்கும் மேஸ்திரி மாதிரி ஒரு துண்டு உண்டு. அதை அப்போது மானிட்டர் என்பார்கள். இப்போது பிள்ளைகள் கெர்னல் என்கிறார்களே, அதற்குப் பெரியப்பா முறை. சைரனுக்கு ஒரு துண்டு, அளவெடுக்க ஒரு துண்டு, எடுத்த அளவுகளை எழுதிவைக்க வெறும் பலகை மாதிரி ஒரு துண்டு. ஒவ்வொன்றும் ஒரு காகித நாடாவில் துளை துளையாகக் குத்தப்பட்டு, ஒரு தகர டப்பாவில் சுருண்டு கிடக்கும். லிங்க்கர் என்ற ஒரு புரோகிராம் இந்த நாடாக்களை வாங்கி, நினைவகத்தில் எதற்கு எந்த இடம் என்று ஒதுக்கி, எல்லாவற்றையும் இணைத்து ஒரே நாடாவாகக் குத்திக் கொடுக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார வைப்பது போலத்தான். முதலில் வந்ததற்கு முதல் இலை, கடைசியில் வந்ததற்குக் கடைசி இலை.

கம்ப்யூட்டரை நிறுவிய கம்பெனிக்காரர்கள் டப்பாக்களுக்கு எண் போட்டு, இந்த வரிசையில்தான் கொடுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதல் டப்பா சைரன். அதன் மேல் சிவப்பு மையில் 'ஆபத்து' என்று எழுதியிருந்தது. கடைசி டப்பா வெறும் பலகை. ஏன் அந்த வரிசை என்று அவர்களும் சொல்லவில்லை, பெருமாளும் கேட்கவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் சரஸ்வதி பூஜைக்கு டப்பாக்களையெல்லாம் படத்துக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பெருமாள் ஆட்சேபிக்கவில்லை. சுண்டல் தின்ன நம்பிக்கை தேவையில்லை என்பது அவர் கட்சி. மறுநாள் விஜயதசமி. புதிதாக ஒரு தொட்டி கட்டி முடிந்திருந்தது. அதையும் சேர்த்து நாடாக்களைப் புதிதாக இணைக்க நல்ல நாள் அதுதான் என்று மந்திரமூர்த்தி சொல்லிவிட்டார்.

வடிவம்மாள் அப்போது முழுகாமல் இருந்தாள். முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. காலையில் பெருமாள் சைக்கிளை எடுக்கும்போது வாசலில் நின்றுகொண்டு, "நல்ல நாளும் அதுவுமா, மொதல்ல தொடுதத நல்லதாப் பாத்துத் தொடுங்க" என்றாள். "ஆரம்பிச்சுட்டியா ஒன் சாஸ்திரத்த" என்று சிரித்துவிட்டுத்தான் வந்தார்.

அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். முதல் டப்பாவை எடுத்தார். சிவப்பு மையில் 'ஆபத்து'. அதன் மேலேயே நேற்று வைத்த குங்குமப் பொட்டு. கை நின்றுவிட்டது. டப்பாவைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, அதை எடுத்து வரிசையின் கடைசியில், வெறும் பலகை டப்பாவுக்கும் அப்பால் வைத்துவிட்டார். யார் முதலில் உட்கார்ந்தால் என்ன, பந்தியில் எல்லாருக்கும் சோறு ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டார். இணைத்த நாடாவை ஏற்றிச் சோதித்தார். சைரன் நன்றாக ஊதியது. சாயங்காலம் வடிவம்மாளிடம், "நல்லதத்தான் தொட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது அவருக்குப் பிடித்திருந்தது.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் கரண்டு போய், கொஞ்ச நேரத்தில் வந்தது. பெருமாள் வழக்கம்போல ஒரு பொத்தானை அமுக்கிக் கம்ப்யூட்டரைத் திரும்ப ஓடவிட்டார். நாடாவை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. அந்தக் காலத்து நினைவகம் கரண்டு போனாலும் எழுதியதை மறக்காது. பொத்தானை அமுக்கிவிட்டுச் சோற்றுவாளியைத் திறந்தார். அவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மூன்றாம் தொட்டி நிரம்பி வழிந்து, காஸ்டிக் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிவிட்டது. வாய்க்காலில் இசக்கித்தாய் என்ற கூலிக்காரப் பெண் வெறுங்காலோடு மண் அள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு பாதமும் வெந்துபோயின.

"சைரன் ஊதலியே! ஊதுனா நான் ஓடியிருக்க மாட்டனா?" என்று வளன் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி அழுதான். மேனேஜர் பெருமாளைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னார். எந்தச் சோதனைக்கும் முன்னால் நாடாவைப் புதிதாக ஏற்றிக்கொள்வது பெருமாளின் ஒழுங்கு. கை கழுவிவிட்டு இலையில் உட்காருவது மாதிரி அது அவருக்கு. அன்றைக்கும் அப்படியே ஏற்றினார். மிதவையைத் தூக்கச் சொன்னார். சைரன் ஊதிய ஊதலில் கூரை மேலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. இன்னொரு தடவை தூக்கினார்கள், இன்னொரு தடவையும் ஊதியது. வளன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றான். 'சைரன் நல்ல நிலையில் உள்ளது' என்று பெருமாள் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தூங்கிவிட்டான் என்று வளனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நெருக்கடி நிலைக் காலம் அது. தொழிற்சங்கக்காரர்கள் டீக்கடையில்கூட மெதுவாகத்தான் பேசினார்கள்.

பெருமாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இசக்கித்தாயைப் பார்த்தார். அவள் கால்மாட்டில் கொசுவலையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். "தூங்கிட்டானாமே ஐயா அந்தப் பய. அவன் வெளங்குவானா? அவன் கண்ணுக்கு இனிமே ஒறக்கமே வரக்கூடாது" என்றாள். பாவம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். அந்தச் சாபம் விலாசம் மாறி வந்தது அவருக்கு அன்று தெரியாது.

சில நாள் கழித்து வளனின் மனைவி இசபெல்லா ஆலை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை.

"அண்ணாச்சி, அவுக ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுதாவ. கரண்டு வந்த பொறவு அது ஊதவே இல்லன்னு. நீங்க ஒருக்கா பாத்தா என்ன?"

"பாத்தாச்சு தங்கச்சி. நல்லாத்தான் ஊதுது. மிஷினு பொய் சொல்லாதும்மா."

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மழையில் நடந்து போனாள். ஆனால் 'கரண்டு வந்த பொறவு' என்ற சொல் பெருமாளின் காதுக்குள் விழுந்த தண்ணீர் மாதிரி தங்கிவிட்டது.

டிசம்பரில் மறுபடி ஒரு மத்தியானம் கரண்டு போய் வந்தது. பெருமாள் பொத்தானை அமுக்கினார். அமுக்கியதும், சோதனை அன்று இதைச் செய்யவில்லையே என்று உறைத்தது. அன்று நாடாவை ஏற்றியல்லவா சோதித்தோம்! குடையைக்கூட எடுக்காமல் தொட்டி வளாகத்துக்கு ஓடி, ஏணியில் ஏறி, மிதவையைத் தானே தூக்கினார். சைரன் ஊதவில்லை. விட்டுவிட்டு மறுபடி தூக்கினார். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மிதவையைப் பிடித்தபடி அவர் நெடுநேரம் அங்கேயே நனைந்துகொண்டு நின்றார்.

அறைக்குத் திரும்பி வந்து, சுவிட்சுகளைத் தட்டி, நினைவகத்தில் சைரன் துண்டு இருக்க வேண்டிய இடத்தை ஒவ்வொன்றாக விளக்கில் வரவழைத்துப் பார்த்தார். ஒரு விளக்குகூட எரியவில்லை. எல்லாம் பூஜ்யம். துண்டே அங்கே இல்லை. புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. கரண்டு வந்து திரும்ப ஓடும்போது மானிட்டர் செய்கிற முதல் வேலை, பழைய அளவுகள் கிடக்கும் பலகையைத் துடைப்பது. ஓர் எல்லையிலிருந்து கடைசி வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு துடைத்துக்கொண்டே போகும். கடைசியில் பலகையைத் தவிர வேறெதுவும் வராது என்பது அதை எழுதினவர்களின் நம்பிக்கை. வரிசைக்கு அர்த்தம் அதுதான். பலகைக்கும் அப்பால் சைரனை உட்கார வைத்தது யார்? புதிதாக நாடாவை ஏற்றினால் துடைப்பு கிடையாது, சைரன் ஊதும். கரண்டு போய் வந்தால் துடைப்பு உண்டு, சைரன் செத்துப்போகும். விஜயதசமியன்று திரும்பிப் பார்த்த அந்தத் திருட்டுப் பார்வை பெருமாளுக்கு நினைவு வந்தது.

செய்ய வேண்டியதை உடனே செய்தார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு இசக்கித்தாய் வாய்க்காலில் நிற்கலாமே. ஆபத்து டப்பாவை முதல் இடத்துக்குக் கொண்டு வந்தார். அதோடு விடவில்லை. துடைக்கிற எல்லை கையால் எழுதிய ஓர் எண்ணாக இருந்தது. அதை மாற்றி, பலகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதை மட்டுமே துடைக்கும்படி மானிட்டரைத் திருத்தினார். இனி எந்த முட்டாள் எந்த வரிசையில் கொடுத்தாலும் சைரன் பிழைக்கும். புது நாடாவை ஏற்றி, கரண்டை நிறுத்திப் போட்டு, மிதவையைத் தூக்கினார். ஊதியது. விஜயதசமியன்று இணைத்த பழைய நாடாவைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

கிழித்து முடித்த பிறகுதான் உறைத்தது. வளனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பழுதுதான். அதைத் தானே சரிசெய்துவிட்டார். இனி யார் எத்தனை தடவை சோதித்தாலும் சைரன் ஊதும். ஊதுகிற ஒவ்வொரு தடவையும் வளன் தூங்கினான் என்றுதான் அது சொல்லும்.

நேரே மேனேஜர் அறைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தார். நாளைக்கு மேனேஜர் ஊரில் இல்லை, அதற்கு மறுநாள் தலைவலி. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், கேட்பாரற்றுப் போய்விடும் என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது. வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. வடிவம்மாளின் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது வெட்கம். ஏன் வரிசையை மாற்றினீர் என்று கேட்பார்களே! எலுமிச்சம்பழத்தைக் கேலி செய்த வாயால் என்னவென்று சொல்வது? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டதை நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை. உறக்கமும் வரவில்லை. இசக்கித்தாயின் வாக்கு சரியான ஆளைத் தேடி வந்துவிட்டது.

"என்ன, மசக்கை ஒங்களுக்கா எனக்கா?" என்று வடிவம்மாள் கேலியாகக் கேட்டதும், மனுஷன் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நான் சொன்னதுக்காகவா அப்பிடிச் செஞ்சிய?"

"நீ சொன்ன. செஞ்சது நான்தான?"

"அந்தப் பொம்பள காலப் பாத்த பொறவுமா வாயத் தொறக்காம இருந்திய?"

"அப்பத் தெரியாது, வடிவு."

"இப்பத் தெரியும்லா? நம்ம பிள்ளைக்கு நல்லது வேணும்னு, அடுத்தவ பிள்ளை வயித்துல அடிச்சுட்டு இருக்கோம். போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அவளும் அழுதாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு சீப்புப் பழத்தோடு கடற்கரைத் தெருவுக்குப் போனார். வளன் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கியது. உள்ளே குடிலுக்கு மேலே போன வருஷத்து நாடாத் தோரணம், உப்புக்காற்றில் பழுத்துப்போய்க் கிடந்தது. இந்த வருஷம் கேட்டு வாங்க அவன் வரவில்லையே. பழைய துறைமுகத்தில் தோணிக்கு உப்பு மூட்டை தூக்குகிறானாம். தோள் காய்த்திருந்தது. பெருமாளைக் கண்டதும் பதறி எழுந்து பாயை விரித்தான். இசபெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுப்பு எரிந்த குசினிக்குள் போய்விட்டாள்.

"வளன், ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ அன்னைக்குத் தூங்கல."

"இல்ல அண்ணாச்சி, தூங்கிட்டேன்" என்றான் வளன், சாந்தமாக.

பெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருலே சொன்னா?"

"மொதல்ல நானும் இல்லன்னுதான் நெனச்சேன். அப்பொறம் யோசிச்சுப் பாத்தேன். நீங்க டெஸ்ட் பண்ணுனிய, ஊதுச்சு. நீங்க பொய் சொல்ல மாட்டிய. மிஷினும் பொய் சொல்லாது. அப்ப யாரு பொய்யி? நான்தான கண்ணசந்திருக்கணும். மழைக்குக் குளுகுளுன்னு வேற இருந்துச்சு. சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் அண்ணாச்சி. கம்பெனிக்கும் எழுதிக் குடுத்துட்டேன். இப்பத்தான் மனசு லேசா இருக்கு."

செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கி வந்தவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். செய்தவனுக்குப் போய் முட்டிபோட ஓர் இடமும் இல்லை. பெருமாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விஜயதசமியிலிருந்து ஆரம்பித்தார். டப்பா வரிசையைச் சொன்னார், பலகையைச் சொன்னார், துடைக்கிற எல்லையைச் சொன்னார். வளன் கவனமாகக் கேட்டான்.

"அதாவது, வள்ளத்த அலை ஏறுத எடத்துல நிப்பாட்டிட்டிய. அலை வந்து கொண்டு போயிட்டு."

"அதேதாம்லே!"

"ஆனா இப்ப ஊதுதுல்லா?"

"நான் சரி பண்ணிட்டேன்லா, அதான் ஊதுது."

வளன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பெருமாளால் தாங்க முடியவில்லை. "எனக்கு ஆறுதலுக்காண்டி சொல்லுதிய அண்ணாச்சி. ஒங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். வேண்டாம், விடுங்க" என்று அவர் கையைத் தட்டிக் கொடுத்தான். குசினி வாசலில் இசபெல்லா வந்து நின்றாள். அவள் கண்ணில் இருந்தது நன்றியல்ல. நீர் சொல்வது நிஜமென்றால் காட்டும் என்றது அந்தப் பார்வை.

பெருமாள் அங்கிருந்து நேரே ஆலைக்குப் போனார். மந்திரமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குவே இப்ப? கிணறு வெட்டப் பூதம் பொறப்பட்ட கதையாயிரும். அவன் எழுதிக் குடுத்துட்டான், மிஷினும் சரியாயிட்டு. கம்முன்னு கெடயும்."

"இல்ல சார், நான் காட்டுதேன். பழையபடி பழுதாக்கி எல்லார் முன்னாலயும் காட்டுதேன்."

"சரி, வரிசைய எதுக்கு மாத்துனீரு? அதச் சொல்லும்."

பெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நல்ல நாள், முதல் டப்பா, ஆபத்து என்ற எழுத்து, வடிவம்மாளின் வயிறு. விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மந்திரமூர்த்தி ஜன்னல் வழியே பம்பு அறை வாசலைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "நீருமாவே?" என்று மட்டும் கேட்டார். பிறகு, தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன் என்றார்.

பொங்கல் கழிந்து விசாரணை அதிகாரி வந்தார். அன்று காலையில் பெருமாள், கம்பெனிக்காரர்கள் தந்து டப்பாவிலேயே கிடந்த, திருத்தாத மானிட்டர் நாடாவை எடுத்து, விஜயதசமியன்று வைத்த அதே வரிசையில் எல்லாவற்றையும் இணைத்தார். தொட்டிகளைப் பாதி காலியாக்கி, வால்வுக்கு ஆள் நிறுத்தியிருந்தார்கள். வளனையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, வேண்டாத வீட்டுக்கு விருந்து வந்தவன் போல ஓரமாக நின்றான்.

முதலில் நாடாவைப் புதிதாக ஏற்றி மிதவையைத் தூக்கினார்கள். சைரன் அலறியது. வளன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெயின் சுவிட்சை இறக்கி, கொஞ்சம் பொறுத்து ஏற்றினார்கள். பெருமாள் உள்ளே ஓடிப் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்தார். மிதவையைத் தூக்கும்படி ஏணியில் நின்ற ஆளுக்குக் கை காட்டினார்.

ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடலின் இரைச்சல் கேட்டது. துறைமுகப் பக்கம் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஏணிக்காரன் மறுபடி தூக்கினான். சைரன் ஊதவே இல்லை. அதிகாரி தாளில் ஏதோ எழுதத் தொடங்கினார்.

வளனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இசக்கித்தாய் செருப்புப் போட்டு நடக்கிற அளவுக்குத் தேறினாள். பெருமாளை ஸ்டோருக்கு மாற்றினார்கள், பதவி உயர்வு பல வருஷம் தள்ளிப்போனது. பங்குனியில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள், நல்லபடியாகவே பிறந்தாள். அவளை முதன்முதலில் கையில் வாங்கும்போதுகூட அவரால் நேராகச் சிரிக்க முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? ஆனால் இத்தனை வருஷமாகக் கரண்டு வரும்போதெல்லாம் அவர் காது கொடுத்துக் கேட்பது இதையெல்லாம் அல்ல, விசாரணை அன்று வளன் கேட்ட ஒரு கேள்வியை.

அன்று சைரன் ஊதாமல் நின்றபோது, வளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏணிக்கு ஓடினான். மேலே ஏறி, அந்த ஆளை நகரச் சொல்லிவிட்டு, மிதவையைத் தானே தூக்கினான். விட்டான், தூக்கினான், மறுபடி தூக்கினான். இறங்கி வந்து பெருமாளின் முன்னால் நின்றான். சின்னப்பிள்ளை கேட்பது போல மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நான் முழிச்சுத்தான் இருந்தேனா, அண்ணாச்சி?"

ஆமாலே என்று சொல்லப் பெருமாள் வாயெடுத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.